பில்தாத் சொன்ன வாழ்த்து

தென்கொரியாவின் மோக்போ ஊரில் யார் கடை திறந்தாலும் சபையார் நாங்கள் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரே வசனத்தைத்தான் தூக்கிக்கொண்டு போவோம். தொடக்கம் சிறியதானாலும் முடிவு பெரிதாகும் என்கிற, பைபிளின் யோபு புத்தக வசனம். வேதவகுப்பு எடுக்கும் மூப்பர் பியோ கப்சோக் மட்டும் அதைப் பார்த்ததும் முகம் சுளிப்பார்.

"இதச் சொன்னது ஆண்டவர் இல்லப்பா, பில்தாத். பிள்ளைங்களப் பறிகொடுத்துட்டு உக்காந்திருந்த யோபுகிட்ட, 'நீ யோக்கியனா இருந்தா நல்லா வருவே'ன்னு குத்திக் காட்டினவன். கடைசில ஆண்டவரே அவனக் கண்டிச்சாரு."

"திறப்பு விழாவுல எதுக்கு மூப்பரே இந்த வம்பு? சாப்பிடுங்க" என்று அவர் வாயில் அரிசிக் கேக்கைத் திணிப்போம்.

அவருடைய மகள் ஹேரானின் நூடுல்ஸ் கடையிலும் அதையே மாட்டினோம். மகள் மனம் நோகக் கூடாதென்று அன்று அவர் பில்தாத் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் கடை படுத்துவிட்டது. பாத்திரங்களை வண்டியில் ஏற்றப் போயிருந்தோம். எங்கள் சபை அம்மா ஒருத்தி ஹேரானின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்கிட்ட ஏதாவது குறை இருந்திருக்கும். நல்லா ஜெபம் பண்ணு" என்றாள்.

மூப்பர் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"இத நீங்களே வச்சுக்குங்க. இப்ப நீங்க சொன்னதும் பில்தாத் சொன்னதுதான்."