ஹீர்ஜி சோனி எடைக்குப் போடச் சொன்ன கோரி

தீபாவளிக்கு இரண்டு நாள் முந்தி தன்தேரஸ் வந்தால் ஹீர்ஜி சோனிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். பூஜ் நகரத்து வெள்ளிக்கடைத் தெருவில் மற்ற சோனிகள், அதாவது தட்டார்கள், எல்லாம் அன்றைக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிய உட்கார்ந்திருப்பார்கள். ஹீர்ஜி மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். காரணம் இதுதான். அன்று விடிவதற்குள் கட்ச் சீமை முழுவதும், ஒரு வீடு விடாமல், பெட்டியில் கிடக்கும் பழைய வெள்ளிக்காசுகளை வெளியே எடுத்து, பூந்திக்கொட்டை போட்டும் சாம்பல் போட்டும் தேய் தேய் என்று தேய்த்து, பாலில் முக்கி, குங்குமம் இட்டு லட்சுமியாக உட்கார்த்திவிடுவார்கள். பூஜை முடிந்த கையோடு அதே காசைத் தலைப்பில் முடிந்துகொண்டு, “இது என்ன பெறும் ஹீர்ஜிபாய்?” என்று அவர் முன்னால் வந்து நிற்பார்கள்.

அவருடைய பிழைப்பு பழங்காசைப் பார்த்து நிலையும் விலையும் சொல்வது. காசின் மேல் ஏறியிருக்கும் கருப்பு அவருக்கு அழுக்கு இல்லை, அதுதான் காசின் தோல். “தோல உரிச்சுட்டு வந்து ஆளு எப்படின்னு கேக்கறீங்களே, நியாயமா?” என்பது அவர் வருஷம் தவறாமல் பாடும் பாட்டு. பாட்டு சொந்த வீட்டிலேயே எடுபடவில்லை. கல்யாணமான முதல் தன்தேரஸ் அன்று மனைவி மோங்கிபென், அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த முகலாயர் காலத்து ரூபாய் ஒன்றைப் பளபளவென்று விளக்கி வைத்துவிட்டு, கணவன் மெச்சுவார் என்று காத்திருந்தாள். ஒன்பது நாள் அவர் அவளோடு பேசவில்லை. பத்தாம் நாள் பேசியதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று மோங்கிபென் இன்றைக்கும் சொல்கிறாள்.

கைத்தொழில் வராத சோனி அவர். இளவயதில் ஒரு மூக்குத்தியை ஊதி ஊதி உருக்கித் தரையோடு ஒட்டவைத்ததில் அப்பா பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் பழங்காசில் இருக்கும் பாரசீக எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். நாற்பது வருஷமாக அவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை மும்பைப் பழங்காசு வியாபாரிகள் காசைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒப்புக்கொண்டார்கள். இப்படி ஒரு மரியாதை கிடைத்தால் மனுஷனுக்குத் தலைக்கு மேல் ஏறாமல் இருக்குமா? ஏறியது. வருகிறவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, “கழுவினியா?” என்பதுதான். ஆமாம் என்றால் பூதக்கண்ணாடி சட்டைப்பையை விட்டு வெளியே வராது. “எடைக்குப் போடு,” என்பார். அடுத்த ஆள்.

அந்தத் தன்தேரஸ் அன்று மதியத்துக்குள் பதினேழு பேரைத் திட்டித் தீர்த்துத் தொண்டை கட்டிப்போன நேரத்தில் ஜீவிபென் வந்தாள். கிழக்கே மாடு வளர்க்கும் ஆஹிர்களின் கிராமத்துக்காரி, வாய் ஓயாதவள். இவள் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தால் அது பஸ் ஏறி, இறங்கி, டீ குடித்துவிட்டுத்தான் வந்து சேரும்.

“ஹீர்ஜிபாய், சாப்டாச்சா? நான் எங்க சாப்பிட, எங்க ஊரு பஸ்ஸ நம்பினா...”

“காச எடு பென்.”

“எடுக்கறேன், எடுக்கறேன். எங்க எருமைய பாம்பு புடுங்கிருச்சு, கேள்விப்பட்டிருப்பீங்க.”

“எருமையையெல்லாம் நான் எதுக்குக் கேள்விப்படறேன்?”

“ரெண்டு மாசமாச்சு. பால் ஊத்தித்தான எங்க வீட்டுல அடுப்பு எரியுது. இப்ப பன்னிப் புல்வெளிச் சீமையிலேருந்து ஒருத்தன் நல்ல எருமையா கொண்டாந்திருக்கான். எல்லாம் தேத்திட்டேன், எட்டாயிரம்தான் குறையுது. பொழுது சாயற வரைக்கும் பாப்பேன், இல்லன்னா அஞ்சார் ஊரு ஆளுக்குக் குடுத்துருவேங்கறான். அதான் ஓடியாந்தேன்.”

தலைப்பை அவிழ்த்து இரண்டு காசைப் பலகையில் உருட்டிவிட்டாள். இரண்டும் கட்ச் ராஜ்ஜியத்தின் பழைய நாணயமான கோரி, ஐந்து கோரிக் காசு, மகாராவ் ராஜாக்கள் காலத்து வெள்ளி. முதல் காசை ஹீர்ஜி கையில் எடுத்தார். திரிசூலம் இருந்த இடத்தில் ஒரு நிழல்தான் இருந்தது, எழுத்தெல்லாம் மழுங்கிப்போயிருந்தது.

“எத்தன வருஷமா தேய்க்கறே இத?”

“நான் வாக்கப்பட்டு வந்ததுலேருந்து. முப்பது இருக்கும். அதுக்கு முந்தி மாமியார் தேய்ச்சாங்க.”

“பரம்பரையா தேய்ச்சிருக்கீங்க. இன்னும் ஒரு பத்து வருஷம் தேய்ச்சிருந்தா காசே இருந்திருக்காது, எனக்கும் நிம்மதி.”

“அது கெடக்கட்டும், இந்த ரெண்டாவது இருக்கே, இது எங்க மாமனார்...”

“மாமனார் கதை வேண்டாம். கழுவினியா, இல்லையா?”

“இல்ல, கேளுங்க, பழைய அறைய இடிச்சப்ப...”

“பென், பின்னாடி எத்தன பேரு நிக்கறாங்க பாரு. கழுவினியா, இல்லையா?”

“நல்ல நாளு, லட்சுமிய கழுவாம கொண்டாருவாங்களா? வெந்நீர்ல போட்டு எடுத்து, அப்புறம் பால்ல...”

அவ்வளவு போதும் அவருக்கு. மேலும் அந்த இரண்டாவது காசு பலகையில் கிடந்து மினுமினுவென்று மின்னியது. அந்த மினுமினுப்பைப் பார்த்ததும் காலையிலிருந்து சேர்ந்திருந்த எரிச்சல் முழுவதும் பொங்கி வந்தது. ஜீவிபென்னில் ஆரம்பித்து அவள் மாமியாரைத் தொட்டு, கட்ச் நாட்டுப் பெண்குலம் முழுவதையும் ஒரு பிடி பிடித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் அவருக்கு இன்னும் இரண்டு வார்த்தை கூடுதலாக வந்தது.

“ரெண்டும் எடைதான். தாம்ஜி பட்டறைல போடு. ஒண்ணுக்கு அறுநூறு தேறும்.”

ஜீவிபென்னுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. எட்டாயிரம் எங்கே, ஆயிரத்து இருநூறு எங்கே. காசை முடிந்துகொண்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள்.

“இந்த அரக்காவது எதுக்காச்சும் ஆகுமா?”

“அடுப்பு மூட்ட ஆகும்.”

அவள் பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவர் பலகையில் கை வைத்ததும் பொட்டலம் அவிழ்ந்து அரக்குத் தூள் ஹீர்ஜியின் வேட்டியெல்லாம் கொட்டியது. “போறவ குப்பையையும் என் தலையில கொட்டிட்டுப் போறா,” என்று சொல்லிக்கொண்டே ஹீர்ஜி தட்டிவிட்டார். இரண்டு பெரிய சில்லுகள் இருந்தன, எலுமிச்சம்பழத்தை இரண்டாகப் பிளந்த அளவு. ஒன்றின் உட்புறம் வட்டமாகக் குழிந்திருந்தது. குழியில் எழுத்து இருந்தது.

பூதக்கண்ணாடி அப்போதுதான் வெளியே வந்தது. பாரசீக எழுத்து, இடம் வலம் மாறி, காசு பதிந்த அச்சு. ஒவ்வொரு எழுத்தும் நேற்றுச் செதுக்கினாற்போல முனை முறியாமல் இருந்தது. எட்வர்ட் என்று படித்தார். வருஷத்தைப் படித்தார். பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம் முடிவதற்குள் பட்டமே வேண்டாம் என்று எழுந்துபோன அந்த இங்கிலாந்து ராஜாவின் பெயரில், அந்தச் சில மாதங்களுக்குள் பூஜ் தங்கசாலை அடித்த கோரி. தேய்ந்துபோனதாக அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். கை படாததாக அவர் பார்த்தது இரண்டே இரண்டு.

அவள் சொல்ல வந்த அந்த மாமனார் அதை அடித்த சூட்டோடு அரக்கு உருண்டைக்குள் வைத்து மூடி, இடித்த அந்தப் பழைய அறையில் எங்கோ செருகியிருக்கிறார். காற்றே பட்டதில்லை. கருப்பு எங்கிருந்து ஏறும்? அந்த மினுமினுப்பு தேய்த்த மினுமினுப்பே இல்லை. தேய்த்த காசு தட்டுப்போலத் தட்டையாக மின்னும். அச்சிலிருந்து இறங்கிய காசைத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுற்றி வரும். அவள் தலைப்பிலிருந்து உருட்டிவிட்டபோது ஒளி சுற்றியதை அவர் கண் பார்த்தது. வாய் முந்திக்கொண்டது. வெந்நீரும் பாலும் அந்தக் காசை ஒன்றும் செய்திருக்காது, செய்ததெல்லாம் இந்த மனுஷன்தான்.

செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து ஓடினார். ஹீர்ஜி ஓடி அந்தத் தெரு பார்த்ததில்லை. பாத்திரக் கடைகள் பாதி வழியை அடைத்துக்கொண்டிருந்தன, மீதி வழியைச் சனம் அடைத்திருந்தது. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “ஹீர்ஜிபாய், ஒரே ஒரு காசு, சும்மா பாத்துச் சொல்லுங்க,” என்றார்கள். “கைய விடுங்கடா,” என்று உதறினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கோபத்தில்தான் என்று நினைத்துக்கொண்டார்.

தாம்ஜியின் பட்டறையில் யாரும் வெட்டிப் பார்க்காமல் வெள்ளி வாங்க மாட்டார்கள். உள்ளே ஈயம் ஊற்றிய கள்ளக் கோரிகள் ஊரில் திரிவதால் எந்தக் காசு வந்தாலும் விளிம்பில் உளியை வைத்து ஒரு போடு, உள்ளே வெள்ளை தெரிந்தால்தான் தராசு. ஹீர்ஜி மூச்சிரைக்க வாசலில் கால் வைத்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

“நல்ல வெள்ளிதான்,” என்றார் தாம்ஜி.

இரண்டு காசும் பட்டடை மேல் இருந்தன. இரண்டிலும் வெட்டு விழுந்திருந்தது. புதியதில் வெட்டு விளிம்பில் ஏறி எட்வர்டின் பெயருக்குக் குறுக்கே போயிருந்தது.

ஹீர்ஜி காசை எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். வெட்டுக்கு வெளியே ஒரு கீறல் இல்லை. ஒளி சுற்றி வந்து, வெட்டு இருந்த இடத்தில் தடுக்கி நின்றது.

“என்ன ஹீர்ஜிபாய், எடைக்குப் போடச் சொல்லிட்டு நீங்களே வந்துட்டீங்க?” என்றாள் ஜீவிபென்.

“இது ஒம்பதாயிரம் போற காசு பென். கண்ண மூடிக்கிட்டு குடுத்திருப்பாங்க. இப்ப வெட்டோட ஆயிரம் ஆயிரத்தைந்நூறு குடுத்தாலே பெருசு.”

தாம்ஜியின் கை உளியோடு அப்படியே நின்றது. “நீ சீட்டு எழுதாம அனுப்பினா எடைக்குத்தானே? நாற்பது வருஷமா அப்படித்தானே நடக்குது? என்மேல சொல்லாத,” என்றார்.

“உன்மேல சொல்லல. நான்தான் பாக்காம சொன்னேன்.”

பட்டறையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். எல்லோரும் காது கொடுத்துக் கேட்டார்கள். தெருவில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கினவர்கள்தான், இந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. ஜீவிபென் ஏதாவது பேசுவாள், மாமனாரில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் கத்துவாள் என்று ஹீர்ஜி எதிர்பார்த்தார், கத்தினால் தேவலை என்றும் இருந்தது. அவள் அவர் கையிலிருந்த காசையும் வாங்கி இரண்டையும் தலைப்பில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

அவளைக் கடைக்குக் கூட்டிப்போய், பெட்டியைத் திறந்து ஒன்பதாயிரத்தை எண்ணி வைத்தார். மோங்கிபென்னுக்கு அன்று சாயங்காலம் வளையல் வாங்க எடுத்து வைத்த பணம் அது. அதற்கு வீட்டில் கிடைக்கப்போகும் பூஜை தனி. ஜீவிபென் பணத்தை இரண்டு தரம் எண்ணித் தலைப்பில் முடிந்தாள். வெட்டுப்பட்ட எட்வர்ட் காசை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“எருமை கெடைச்சுரும்,” என்றாள்.

“போ பென், பஸ்ஸப் புடி.”

எழுந்தவள் போகவில்லை.

“ஹீர்ஜிபாய், போன வருஷம் இதே நாள் எங்க நாத்தனா ராஜி வந்தா. பொண்ணு கல்யாணத்துக்குன்னு மூணு காசு எடுத்தாந்தா. கழுவிட்டே, எடைக்குப் போடுன்னு சொல்லி அனுப்பினீங்களாம். அழுதுக்கிட்டே வந்தா. அந்தக் காசையாவது பாத்தீங்களா?”

பாத்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அன்றைய கூட்டம் நினைவுக்கு வந்தது. எதிரே வந்த முகங்கள், நீட்டிய கைகள், தான் கத்தியது, வரிசை சிரித்தது எல்லாம் வந்தன. மூன்று காசோடு ஒரு பெண் வந்ததாகத் தோன்றியது. காசு கருப்பா வெளுப்பா, திரிசூலம் இருந்ததா, எந்த ராஜா, எவ்வளவு தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பார்த்த காசை ஹீர்ஜி ஒருநாளும் மறந்ததில்லை.

“பாக்கல பென்,” என்றார்.