தற்காலிகமாக வெளியே போயிருந்தவள்

பதின்மூன்று வயதில் எங்கள் வால்தம்ஸ்டோ வீட்டுக்கு வளர்ப்புக்கு ஒப்படைக்கப்பட்ட ஃபொஸ்டர் பிள்ளையாக வந்தவள், பதினெட்டு நிறைந்த அன்று சட்டப்படி பிள்ளையாக இருப்பதை நிறுத்திக்கொண்டாள். காலையில் கேக் வெட்டினோம். பிற்பகல், அவளுக்குப் பொறுப்பாயிருந்த உள்ளூராட்சிக் கவுன்சிலிலிருந்து ஒரு படிவம் வந்தது. அதன்படி அவள் இனி என் வீட்டில் தங்கியிருக்கும் வயதுவந்த ஒருவர். நான் அவளுக்கு அறை கொடுத்திருப்பவர். மாலையில் அந்த வயதுவந்தவர் மிச்சக் கேக்கை ஒளித்து வைத்ததற்காக என் கணவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

இருபத்தொரு வயதுவரை அவள் எங்களோடு தொடர்ந்து தங்கலாம் என்பது விதியின் முதற்பக்கம். இடையில் வெளியேறினால் ஏற்பாடு முடிந்தது, மீண்டும் நுழைய முடியாது என்பது இரண்டாம் பக்கம். படிப்பு, விடுமுறை, நோய் என்று தற்காலிகமாகப் போகிறவர்களுக்கு மட்டும் கதவு திறந்திருக்கும். இரண்டு பக்கங்களையும் நான் வாசித்தேன். ஆனால் இரண்டாம் பக்கம் யாரோ வேறு வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

பத்தொன்பதாவது வயதில் அவளுக்கு ஒரு சிறிய ஃபிளாட் கிடைத்தது. கவுன்சில் அவளுக்கென நியமித்திருந்த ஆலோசகர் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். நல்ல மனமுள்ள வெள்ளைக்காரப் பெண். எங்கள் வீட்டுக்குள் வரும்போது சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றுவார். மறுத்தால் இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்.

"அன்ரி, கிச்சினிலை ஜன்னல் இருக்கு. பெரிய ஜன்னல்!" என்று அவள் துள்ளினாள்.

ஜன்னல் உள்ள சமையலறைக்குப் போகிறவளை யார் தடுப்பது? தமிழ்க் கடைகள் உள்ள ஈஸ்ட் ஹாமுக்குப் போய்ப் பானை, அகப்பை, இடியப்பத் தட்டுகள், குத்துவிளக்கு என்று வாங்கி வந்தேன். கணவர் பைகளைக் காரிலிருந்து இறக்கியபடியே கேட்டார்:

"நீர் என்ன, கலியாணம் கட்டிக் குடுக்கிறீரோ? மாப்பிள்ளை எங்கை?"

"பிள்ளையை வெறுங்கையோடை அனுப்பேலாது."

"அங்கிள், எனக்கு ரைஸ் குக்கர் மட்டும் போதும்," என்றாள் அவள்.

"நீ வாயை மூடு. சீதனத்திலை பெண்ணுக்கு என்ன கதை?" என்றார் அவர்.

ஒரு சனிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, அந்த ஃபிளாட்டில் பால் காய்ச்சினோம். ஆலோசகரையும் அழைத்திருந்தேன். அவர் பூங்கொத்தோடு வந்து எங்களுடன் அடுப்பைச் சுற்றி நின்றார். பால் நுரைத்து எழுந்து, பானையின் விளிம்பைத் தொடும் கணத்தில், "ஐயோ!" என்று பாய்ந்து பானையைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டார். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அந்தப் பால் பொங்கி வழிவதைப் பார்க்கத்தான் நாங்கள் அத்தனை பேரும் அங்கே நிற்கிறோம் என்று அவருக்கு முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். நாங்களோ அவருக்கு நன்றி சொன்னோம். கணவருக்கு மட்டும் திடீரென்று இருமல் வந்தது; ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே ஆலோசகர் தம் குறிப்பை எழுதி அனுப்பினார். அன்பு நிறைந்த குறிப்பு. இளம்பெண் தன் சொந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார், வளர்த்த குடும்பம் அதற்கான பாரம்பரியச் சடங்கைச் சிறப்பாக நடத்தியது என்று அதில் இருந்தது. 'சிறப்பாக' என்றிருந்ததைக் கணவருக்கு இருமுறை வாசித்துக் காட்டினேன்.

ஐந்தாவது வாரம் அவள் மதியத்தில் வந்து, என்னோடு இருந்து பயற்றங்காய் முறித்தாள். நர்சிங் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது. நான் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்:

"அன்ரி, நான் மூண்டு கிழமையா கொலேஜுக்குப் போகேல்லை."

"ஏன் அம்மா?"

"காலமை எழும்பினா அங்கை ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் என்னை ஏசி எழுப்புறேல்லை. பிறகு ஏன் எழும்புவான் எண்டு கிடந்திடுவன்." இன்னொரு பயற்றங்காயை முறித்துப் போட்டுவிட்டு, "நான் திரும்பி வரலாமா?" என்றாள்.

அவளுடைய அறை இன்னும் வெறுமையாகத்தான் கிடந்தது. ஆனால் கவுன்சிலின் பதிவில் அது இன்னொரு பிள்ளைக்கென ஒதுக்கப்படவிருந்த அறை. அனுமதியில்லாமல் அவள் வந்தால் விருந்தாளியாகச் சோபாவில் படுக்கலாம். வந்து சேரும் புதிய பிள்ளையைப் பொறுத்தவரை அவள் அந்நியர். அனுமதி கேட்டு எழுதினேன். பதில் மரியாதையாக வந்தது. அவள் போனது தற்காலிகம் என்று கொள்வதற்கு ஆதாரம் எதுவுமில்லை. நிரந்தரம் என்பதற்கோ குடும்பமே நடத்திய சடங்கு இருக்கிறது. மேற்கோளாக ஆலோசகரின் குறிப்பு.

எரிச்சலோடு, ஒரு பையைக் கையில் திணித்து அனுப்பியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டு சில வாரம் வெளியே போன பெண்ணாகியிருப்பாள். முறையாக அனுப்பியதால்தான் திரும்பி வர முடியாதவளானாள்.

"உம்மடை குத்துவிளக்குத்தான் பிள்ளைக்கு எதிரான முதற் சாட்சி," என்றார் கணவர்.

கணினி வழியாக ஒரு கூட்டம் நடந்தது. அந்தப் பக்கம் கவுன்சில் பிரிவின் மேலாளர், களைத்த முகமும் கூர்ந்த காதும் கொண்ட ஒரு பெண்மணி. திரையின் இன்னொரு சதுரத்தில் ஆலோசகர். இந்தப் பக்கம் மேசையில் நாங்கள் மூவர். மேலாளர் விதியைச் சொன்னார். நான் பிள்ளையின் படிப்பைச் சொன்னேன். அவர் மீண்டும் விதியைச் சொன்னார். அப்போது அதுவரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவள் பேசினாள்:

"அந்தப் பால் பொங்கவே இல்லை."

மேலாளர் குனிந்து திரைக்கு அருகே வந்தார். அவள் ஆங்கிலத்தில் விளக்கினாள்: பால் வழிந்தால்தான் குடிபுகுந்ததாக அர்த்தம். வழியும் முன்பே பானை இறக்கப்பட்டுவிட்டது. யார் இறக்கினார் என்று அவள் சொல்லவில்லை. ஆலோசகரின் முகம் கழுத்துவரை சிவந்தது.

"கடவுளே, நான்தான்," என்றார் அவர். "ஏன் எனக்கு யாருமே சொல்லவில்லை?"

"நீங்கள் விருந்தாளி," என்றார் கணவர்.

மேலாளர் என்னைப் பார்த்தார். "உங்கள் வழக்கப்படி அந்தச் சடங்கு நிறைவேறியதா?"

"இல்லை," என்றேன். அது உண்மை. பால் பொங்காவிட்டால் இன்னொரு முறை வைப்பார்கள், அவ்வளவுதான் என்பதும் உண்மை. அதை அவர் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கத்தை அந்த அலுவலகத்தின் படிவங்களே எனக்குக் கற்றுத் தந்திருந்தன.

ஆலோசகர் தம் குறிப்பைத் திருத்தினார்: சடங்கு இடைநின்றது, 'நிரந்தரம்' என்பது தம் ஊகம். பத்து நாளில் முடிவு வந்தது. அவள் வெளியேறவில்லை, தற்காலிகமாக வெளியே போயிருந்தாள். இருபத்தொரு வயதுவரை ஏற்பாடு தொடர்கிறது.

அவள் வரும் நாளன்று வாசலில் ஆலத்தி எடுக்கலாம், அவளுக்குப் பிடித்த இறால் குழம்பு வைக்கலாம் என்று நினைத்துக் கற்பூரத்தைத் தேடினேன்.

"விசரே உமக்கு?" என்றார் கணவர். "போகாத பிள்ளைக்கு என்ன வரவேற்பு? இனியும் ஒரு சடங்கு செய்தீரெண்டால் அதையும் ஆரும் எழுதி அனுப்புவினம்."

அவர் சொன்னது சரி. முதல்நாள் மிஞ்சிய பருப்பைச் சூடாக்கிப் பாண் துண்டுகளை எடுத்து வைத்தேன்.

அவள் பின்னேரம் வந்தாள். தோளில் பை, இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தபடி ரைஸ் குக்கர்.

"சப்பாத்தைக் கழட்டாதை," என்றேன். "நாளைக்குக் குப்பை எடுக்கிற நாள். முதல்லை அந்தக் குப்பை பின்னை இழுத்து வெளியிலை வை."

"அன்ரி! ஒரு ஹக்காவது தாங்கோவன்."

"எங்கை போனனி, ஹக் தர?"

அவள் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். குக்கரை என் கையில் தந்துவிட்டு, "ஓம், ஓம், வைக்கிறன்," என்று முணுமுணுத்தபடி குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைபாதையில் அதை நிறுத்திய பின்பும் அதன் கைப்பிடியை விடாமல், வீட்டுக்கு முதுகு காட்டியபடி வெகுநேரம் நின்றாள். புறங்கையால் இரண்டு முறை முகத்தைத் துடைத்தாள். அவள் உள்ளே வர எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் நான் மூன்று தட்டுகளை, ஒவ்வொன்றாக, மிக மெதுவாக மேசையில் வைத்தேன்.