மச்சினன் டோக்கன்

சுரங்கத்தில் அவருக்கு முட்டுக்காரர் என்று பெயர். நிலக்கரியை வெட்டியெடுத்த இடத்தில் கூரை உட்கார்ந்துவிடாமல் மரத்தூண் முட்டுக் கொடுத்து நிறுத்துவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதையே செய்து வீட்டிலும் அதே புத்தி. ஆடாத மேஜைக்கும் காலடியில் ஆப்பு வைப்பார். "கட்டிலுக்கு வச்சாச்சு, அலமாரிக்கு வச்சாச்சு, எனக்கு எப்ப வைக்கப் போறீங்களோ" என்பாள் அவர் மனைவி.

அவளுடைய தம்பிதான் அவருக்குக் கூட்டாள். எட்டு வயதில் அக்காவோடு வந்து ஒட்டிக்கொண்டவன், முப்பது வயதாகியும் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மரத்தைப் பிடிப்பது மச்சினன், அடிப்பது மாமன். எதிலும் அவனுக்கு நிதானம். சோறு தின்னவே முக்கால் மணி நேரமாகும். "கூரையே விழுந்தாலும் இவன் கையக் கழுவிட்டுத்தான் எந்திரிப்பான்" என்று முட்டுக்காரர் சொல்ல, நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் டோக்கன் ஜன்னல்காரன். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன், அதில் நம்பர். கீழே இறங்குமுன் என்னிடம் கொடுப்பார்கள், நான் சிவப்புப் பலகையில் மாட்டுவேன். மேலே வந்ததும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். டோக்கன் தொங்கினால் அந்த ஆள் மண்ணுக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அவனவன் டோக்கனை அவனவன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஷிஃப்ட் முடிந்தால் ஜன்னலில் அரை மணி நேர வரிசை. அதனால் ஆட்களை மேலே இழுக்கும் இரும்புக் கூண்டில் முதலில் ஏறி வருகிறவர் கூட்டாளியின் டோக்கனையும் சேர்த்து வாங்கிவிடுவார், பின்னால் வருகிறவன் நேரே வீட்டுக்கு நடக்கலாம். எல்லாரும் செய்தார்கள். எனக்கும் சீக்கிரம் ஜன்னலைச் சாத்தினால் போதுமென்றிருந்தது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு முட்டுக்காரர் வந்தார். "அவனோடதையும் குடுங்கண்ணே. கோடாலிய உள்ளயே மறந்து வச்சிட்டு வந்துட்டான், எடுக்கப் போயிருக்கான். அடுத்த கூண்டுல வந்துடுவான்." கொடுத்தேன்.

அவர் வீட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. கீழே கரியில் தீ. மிச்சமிருந்தவர்கள் இருமிக்கொண்டே மேலே வந்து டோக்கனை வாங்கினார்கள். பலகை காலியானது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வந்தாச்சு, மூடுங்க" என்றார். கரித்தீயை அணைக்கக் காற்றை நிறுத்த வேண்டும். சுரங்கத்தின் வாயில் இரும்புத் தகடு போட்டு மேலே மண் கொட்டுவார்கள். மச்சினன் டோக்கனை முட்டுக்காரர் கையில் கொடுத்தது அப்போது எனக்கு நினைவு வரவில்லை என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். தினமும் ஐம்பது பேருக்கு இரண்டிரண்டாகக் கொடுத்த கை.

வீட்டில் மனைவி "தம்பி எங்க?" என்று கேட்டிருக்கிறாள். "பின்னாலதான் வர்றான்" என்று சொல்லிக்கொண்டே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இரண்டு டோக்கன்கள். ஈரக்காலோடு ஓடி வந்தார். அதற்குள் பாதி மூடியிருந்தார்கள்.

"சார், உள்ள என் மச்சினன் இருக்கான். அவன் டோக்கன நான்தான் வாங்கிட்டுப் போயிட்டேன் சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "ஒரே கையில ரெண்டு குடுத்தியா?"

ஆமாம் என்றால் வேலையும் போகும், குடியிருக்கும் கம்பெனி வீடும் போகும்.

"இல்ல சார். ஆள் வந்து கை நீட்டினாத்தான் குடுப்பேன்." அவ்வளவு தெளிவாக வாழ்நாளில் நான் பேசியதில்லை.

"அப்ப உன் மச்சினன் மேல வந்துதான் உன்கிட்ட குடுத்திருப்பான். வெளிய எங்கயாவது சுத்திட்டிருப்பான், போய்த் தேடு" என்றார் மேனேஜர். முட்டுக்காரர் என்னைப் பார்த்தார். மண் அள்ளுகிறவர்களின் கையைப் போய்ப் பிடித்தார். நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆறு மணிக்கு மூடி முடித்தார்கள்.

நாலாம் நாள் அவன் அக்கா ஜன்னலுக்கு வந்தாள். தெருத்தெருவாகத் தேடிக் கால் வீங்கியிருந்தது. "அண்ணே, நீங்க அவன் முகத்தப் பாத்துத்தானே குடுத்தீங்க?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அந்தத் தலை இன்னும் என் கழுத்தில்தான் இருக்கிறது. அவள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்துச் சுரங்க வாய் வழியாக வேலை தொடங்கியது. மூடியதை யாரும் திறக்கவில்லை. திறந்தால் தீ மறுபடி பிடிக்கும் என்றார்கள். முதல் நாள் காலை முட்டுக்காரர் வந்து ஜன்னலில் இரண்டு டோக்கன்களை வைத்தார். இரண்டையும் மாட்டினேன்.

மதியம் முதல் கூண்டில் மேலே வந்தார். கை நீட்டினார். இரண்டையும் கழற்றி நீட்டினேன். தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டார்.

"இது?" என்றேன்.

"அவன் இன்னும் மேல வரலண்ணே" என்றார். "வந்தா, அவன் கையிலயே குடுங்க."