ஊர்சுத்தி சொன்ன ‘நாங்க’

எங்கள் தையல் கடையில் அவளுக்கு ஊர்சுத்தி என்று பெயர் வைத்தவள் நான்தான். வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் பேண்ட் கால் மடித்துத் தைப்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தரையில் நிற்காது. மிருகக்காட்சிசாலை, பொருட்காட்சி, படகுத்துறை, ஊரிலேயே உயரமான கட்டிடத்தின் மொட்டைமாடி என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. நான் இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த மொட்டைமாடியைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. நேற்று வந்தவள் அதன் மேலே போய் நின்றுவிட்டு வந்தால் எரிச்சல் வராதா?

கடை ஒரு பெரிய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்துமிடத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது. புதுத்துணி தைப்பதில்லை. மேல்மாடியில் ஆசைப்பட்டு வாங்கிய உடுப்பு உடம்புக்குச் சேராமல் போனால் எங்களிடம் வரும். இடுப்பு பிடிப்பது, கை குறைப்பது, ஜிப் மாற்றுவது. அவள் தைப்பாள், நான் இஸ்திரி போடுவேன். அவளுடைய மிஷினுக்கும் என் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம், அவ்வளவுதான் இடம்.

திங்கட்கிழமை காலையில் கதை ஆரம்பிக்கும்.

“நேத்து நாங்க படகுல போனோம்க்கா. அக்கரை வரைக்கும். காத்து அப்படியே ஆளைத் தூக்குது.”

நாங்க. அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது. ‘நாம’ என்று சொன்னால் கேட்கிறவளுக்கும் அதில் ஓர் இடம் உண்டு. ‘நாங்க’ என்பது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து பேசுவது. சரி, எவனோ ஒருவன் மாட்டியிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். முதலாளியம்மாவும் அதையே சொன்னார். அவன் உயரமா குட்டையா, என்ன வேலை செய்கிறான், கட்டிக்கொள்வானா கைவிட்டுவிடுவானா என்று நாங்கள் இருவரும் பேசித் தீர்த்தோம். ஒன்று மட்டும் இடித்தது. அவள் கதைகளில் அவன் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

“யாருடி அந்த நாங்க?” என்று கேட்டேவிட்டேன்.

“நாங்கதான்,” என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

பிறர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, “நானும் வரேன்டி” என்று அவள் அறை வாசலில் போய் நின்றேன். அவள் முகம் சுண்டியது. ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள். அவள் தலை சீவும்வரை கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் விரிப்பு கசங்கிக் கிடந்தது. சுவரோரமாகப் பாதிக் கட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. இஸ்திரி போடுகிறவள் கண்ணுக்கு மடிப்புதானே முதலில் தெரியும்.

பேருந்தில் ஏறினோம். ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தும் அவள் நடைவழிப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பின் இருக்கையைக் காட்டினாள். “தள்ளி உக்காரும்மா” என்ற பெரியவரிடம், “ஆள் இருக்குங்க” என்றாள். ஓடுகிற வண்டியில் ஆள் எங்கிருந்து வரும்? அவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

படகில் இன்னும் மோசம். தண்ணீரைக் கண்டதுமே வெளிறிவிட்டாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். இதைத்தான் காற்று ஆளைத் தூக்குகிறது என்று அளந்தாளா?

“இவ்வளவு பயந்துக்கிட்டு எதுக்குடி வர?”

“எனக்குத்தான் பயம். அவளுக்குத் தண்ணின்னா உசிரு.”

அப்போதுதான் சொன்னாள். அவள் என்றது தங்கையை. எங்கள் கடையில் வேலை கிடைத்தது அந்தத் தங்கைக்குத்தானாம். பெட்டியெல்லாம் கட்டி வைத்தபிறகு காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்கவே இல்லை. தங்கையால் வர முடியவில்லை, அக்கா வருகிறாள் என்று மட்டும் முதலாளியம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“அவ வேலை, அவ பெட்டி, இந்தச் செருப்புகூட அவளோடதுதான். எனக்குன்னு நான் இங்க எதுவும் கொண்டு வரலக்கா. அவ என்னென்ன பாக்கணும்னு சொன்னாளோ, அங்கெல்லாம் கூட்டிட்டுப் போறேன்.”

அவளுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். படகு கரை சேர்ந்ததும் அந்த இடத்தில் கால் படாமல் சுற்றிக்கொண்டுதான் இறங்கினேன்.

அதன்பிறகு அவள் ‘நாங்க’ என்று சொல்லும்போதெல்லாம் மிஷினுக்கும் மேசைக்கும் நடுவில் யாரோ ஒருக்களித்து நிற்பதுபோல் முதுகு சில்லிட்டது. கைதவறி ஒரு வெள்ளைச் சட்டையைக் கருக்கினேன். முதலாளியம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. என் வாயில் ஒரு ரகசியம் தங்கியது அதுதான் முதல் தடவை.

மழைக்காலம் முடிந்த சமயம். ஒரு திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

“அக்கா, நேத்து படகு நடுத்தண்ணில மக்கர் பண்ணிடுச்சு. ஒரு குண்டு மனுசன், ‘எல்லாரும் இறங்கித் தள்ளுங்க’ன்னு கத்துறாரு! தண்ணில எங்க இறங்குறது? சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு. கம்பியை எப்ப விட்டேன்னே தெரியல. பயமே இல்லக்கா. நான் பாட்டுக்கு...”

மிஷின் நின்றது.

“நான்னா சொன்னேன்?”

“என்னடி?”

“நாங்கன்னு சொல்லல. நான்னுதான் சொன்னேன்.” முகத்தில் ரத்தமே இல்லை. “திரும்பி வரும்போது பஸ்ல ஜன்னலோரமா நான்தானே உக்காந்திருந்தேன்? ஐயோ அக்கா, அவளைப் படகுலயே விட்டுட்டு வந்துட்டேன்!”

தைத்துக்கொண்டிருந்த பேண்டைப் போட்டது போட்டபடி ஓடினாள். நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். முதலாளியம்மா கத்தியது வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

வேலைநாள் என்பதால் படகுத்துறை ஓய்ந்து கிடந்தது. படகைக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

“நேத்து எல்லாரும் இறங்கிட்டாங்களா?” என்று டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டாள்.

“எல்லாரும் இறங்கியாச்சே. ஏம்மா, எதையாவது விட்டுட்டீங்களா?”

அவள் படகில் ஏறிக் காலி இருக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பயந்துகொண்டேதான் பார்த்தேன், ஆனால் அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது. யாரும் இல்லை.

“எங்கயும் போயிருக்க மாட்டாடி. வந்துடுவா,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். கம்பியைப் பிடிக்காமலேதான் நின்றிருந்தாள்.

“அவ போனதுகூடப் பரவாயில்லக்கா. நேத்து எனக்கு நல்லா இருந்துச்சு. அவ இல்லாமலே நல்லா இருந்துச்சு. அதை அவகிட்ட நான் எப்படிச் சொல்வேன்?”