அப்பாவின் வெள்ளிக்கிழமை மீன்குழம்பு

எங்கள் அன்பு அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. புகழ்ந்து எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இருந்தாலும் மூத்த மகள் என்ற உரிமையில் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்; கோபித்தால் கோபிக்கட்டும்.

கொழும்புத்துறையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்த அப்பா, தந்தையாரை இழந்து பன்னிரண்டு வயதிலேயே வலை தூக்கியவர். நான்கு பெண்களைக் கரைசேர்த்தார். ஒருவரிடமும் கைநீட்டியதில்லை. குணத்தில் தங்கம்; கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

போரினால் கடற்றடை வந்து வள்ளம் கரையேறிய காலத்தில், வலிகாமம் வடக்கிலிருந்து செல்லடிக்குத் தப்பிய, வயலும் தோட்டமும் செய்யும் கமக்காரக் குடும்பங்கள் ஒரு வியாழன் மாலை எங்கள் மாதா கோயில் மண்டபத்துக்கு வந்துசேர்ந்தன. வீடு வாசலை விட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள். பங்குச் சுவாமியார் கேட்டதும், அயலவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு அடுப்பு மூட்ட முன்வந்தவர் அப்பாதான். முதற் சமையலிலேயே வெறும் பருப்பா கொடுப்பது என்று, விடியமுன்னர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிந்து, கூடை நிறையத் திரளி மீன் கொண்டுவந்தார்.

மதியம் கிடாரத்தில் குழம்பு கொதித்தது. கோப்பையோடு வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் இருந்துவிட்டார்கள். பிள்ளைகள் பசியில் அழுதன.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. "மீன்பிடிக்கிற ஆக்களின்ரை கையாலை தின்னமாட்டினம் போலை. நாளைக்கு நான் வரமாட்டன், சுவாமி" என்று அகப்பையைக் கீழே வைத்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சுவரோரம் இருந்த பெரியவரிடம் போய், "ஏன் ஐயா சாப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

"குறை நினையாதை, பிள்ளை. இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே, நாங்கள் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. அடைக்கலம் தந்த இடத்திலை அதை எப்பிடிச் சொல்லுறது?"

கேட்டுக்கொண்டு நின்ற அப்பா தலையில் கைவைத்தார். "அட ஆண்டவரே! வெள்ளிக்கிழமையெண்டுதானே நானும் மீன் காய்ச்சினனான்!" கத்தோலிக்கரான எங்களுக்கு வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, மீன் அல்ல. சுவாமியார்கூடச் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அரியாலையில் ஒரு சைவக் கோயிலுக்குப் போய், "மச்சம் படாத கிடாரம் ஒண்டு தாங்கோ" என்று இரந்து வாங்கிவந்தார். மீன்வாடை போகக் கிணற்றில் தோய்ந்துவிட்டு மறுபடியும் அடுப்பு மூட்டினார். மூன்று மணிக்குச் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் ஆவி பறக்க வந்தன. ஒரு பருக்கை மிஞ்சவில்லை என்றே நினைத்தோம். பெரியவர் மட்டும் ஒரு கோப்பைச் சோற்றை எடுத்து மறைத்து வைத்திருந்தார்.

"நீங்கள் சாப்பிட்டனீங்களோ?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"பிறகு பாப்பம்."

"உதென்ன கதை? இருங்கோ, நான் போடுறன்."

பெரியவர் தம் கையாலேயே பரிமாறினார். அன்று அம்மாவிடம் அதை அப்பா நாலு தரம் சொன்னார். அதன்பின் நெஞ்சுவருத்தம் படுக்கையில் வீழ்த்தும்வரை அந்த அகப்பையை அவர் வேறொருவரிடம் கொடுக்கவில்லை. எவ்வளவு பெரிய மனம் எங்கள் அப்பாவுக்கு!

மருந்துக்குத் தட்டுப்பாடான நாட்களிலும் அப்பாவைக் கைவிடாத வைத்தியர்களுக்கும், இறுதிச் செபம் சொல்லிய சுவாமியாருக்கும், கடதாசி கிடையாத இந்நேரத்தில் பள்ளிக் கொப்பித் தாளிலாவது இம்மலரை அச்சிட்டுத் தந்த அச்சகத்தாருக்கும் எங்கள் நன்றி.

மண்டபத்து மக்களைப் பற்றியும் எழுதவேண்டும். சாவு நடந்த துடக்கு வீட்டில், உரித்துள்ள சொந்தக்காரர் தவிரப் பிறத்தியார் தண்ணீரும் குடிப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். அப்பாவின் அடக்கத்தன்று அவர்கள் எங்கள் முற்றத்தில் சமைத்து, எங்களுக்குப் பரிமாறி, எங்களோடேயே இருந்து சாப்பிட்டார்கள். இம்மலரில் அவர்களுக்கும் நன்றி எழுதப் போகிறேன் என்று அந்தப் பெரியவரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"உரித்துக்காரருக்கு ஆரும் நன்றி சொல்லுறதோ, பிள்ளை?" என்றார்.