மூடாத வலது கண்

வருடத்துக்கு ஒருமுறை மதுரையிலிருந்து நாங்கள் ஐந்து பேர் வேனில் காரைக்குடிக்குப் போவோம். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இலவச முகாம். பிளவுபட்ட உதடு, தீக்காயத்தில் சுருங்கிப்போன முகம், இவற்றைச் சரிசெய்வது என் வேலை. வருகிறவர்கள் அதிகம் என்பதால் ஆளுக்கு ஓர் ஆபரேஷன்தான்.

அந்தப் பெண் சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து தங்கையோடு வந்திருந்தாள். கயிறு திரிக்கும் இடத்தில் வேலை. கேஸ் அடுப்புத் தீயில் முகத்தின் வலது பாதி வெந்து, ஆறிய தழும்பு கீழுதட்டை முகவாய்வரை இழுத்துவிட்டிருந்தது. வலது மேல் இமையும் சுருங்கி, கண் மூட முடியாமல் திறந்தே கிடந்தது.

"இவ எங்களோட உக்காந்து சாப்புட்டு ரெண்டு வருசமாச்சு டாக்டரம்மா. செவுத்தப் பாத்துத்தான் திங்கிறா. தண்ணி குடிச்சா பாதி மாருலதான் வடியுது" என்றாள் தங்கை.

நான் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். கருவிழியின் அடிப்பகுதி காய்ந்து, பளபளப்பை இழக்கத் தொடங்கியிருந்தது.

"முதல்ல கண்ணைச் சரி பண்ணணும்மா. இப்படியே விட்டா பார்வை போயிரும். உதட்டை அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "கண்ணுதான் தெரியுதுல்ல. வாயச் சரி பண்ணிவிடுங்க. எம் மக எங்கூட உக்காந்து சோறு திங்கணும்." உதடுகள் சேராததால் அவளுக்கு 'ம' வரவில்லை. மகள் என்று சொல்கிறாள் என்பதே எனக்கு இரண்டாம் முறைதான் புரிந்தது.

இன்னும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். ஒத்துக்கொண்டேன். அவள் ஆசைப்பட்டாள், அதனால் செய்தேன் என்று வெகுநாள் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. உதட்டைச் சரிசெய்தால் பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். இமையைச் சரிசெய்தால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். முகாமுக்காக எடுக்கும் போட்டோக்களும் என் நினைப்பில் இருந்தன.

ஆபரேஷன் நான்கு மணி நேரம் நீண்டது. தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்துத் தைத்தேன். நன்றாகவே வந்தது. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் இமையையும் முடித்துவிடுவேன் என்றேன். மயக்க மருந்து கொடுத்த டாக்டர் மறுத்தார். "வெளியே ரெண்டு குழந்தைங்க காலையிலேர்ந்து பட்டினியா ஆபரேஷனுக்குக் காத்திருக்கு. போதும்."

நிறுத்திவிட்டேன்.

ஊருக்குக் கிளம்புமுன் அவளிடம் சொட்டு மருந்தும் களிம்பும் கொடுத்தேன். தூங்கும்போது கண்ணை மூடிப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். சிவந்தால் கண் டாக்டரிடம் போகச் சொன்னேன். கடைசியாக, "கண்ணுக்கு அடுத்த வருஷம் நான் வருவேன்" என்றேன்.

மறுவருடம் தங்கையோடு முதல் ஆளாக வந்து நின்றாள். உதடுகள் அழகாகச் சேர்ந்திருந்தன. வலது கருவிழி முழுக்க வெள்ளையாகியிருந்தது.

"எப்ப இப்படி ஆச்சு?"

"ஆடிக் காத்துல செவந்துச்சு. நார்த் தூசின்னு நெனச்சேன். மருந்து அதுக்கு முந்தியே தீந்துபோச்சு."

"கண் டாக்டர்கிட்ட ஏம்மா போகல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதான் வருவேன்னு சொல்லிட்டுப் போனீகளே. அதான் இருந்தேன்."

அன்றே ஒரு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண் உள்ளே முழுதும் கெட்டுவிட்டது, செய்வதற்கு எதுவுமில்லை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். திரும்பி வந்து அவளிடம் நானே சொன்னேன். என் பங்கையும் சொன்னேன். முதலில் இமையைச் செய்திருந்தால் இது நடந்திருக்காது என்றேன். தங்கைதான் அழுதாள்.

அவளோ என் கையைத் தொட்டாள். "இப்ப மகளோடதான் சாப்புடுறேன். நீங்க ஏன் டாக்டரம்மா இப்புடி உக்காந்துருக்கீக?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மறுநாள் அந்த இமையைச் சரிசெய்தேன். பார்வையில்லாத கண்ணை மூடவைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு தையல்கூடப் பிசகவில்லை.

இப்போதெல்லாம் கண்தான் முதலில் என்று பிடிவாதமாக நிற்கிறேன். போன முகாமுக்குக் காளையார்கோவிலிலிருந்து தீக்காயத்தோடு ஓர் இளைஞர் வந்தார். அவருக்கும் இமை மூடவில்லை, உதடும் இழுபட்டிருந்தது. அவரும் வாயைத்தான் கேட்டார். முடியாது என்றேன். "அப்ப எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று எழுந்து போய்விட்டார். பின்னாலேயே படியிறங்கி ஓடினேன். ஆட்டோ கிளம்பிவிட்டது. பலமுறை போன் செய்தும் அவர் எடுக்கவில்லை. நான் செய்ததுதான் சரி என்று உடன் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தவறு என்றும் சொல்லத் தெரியவில்லை.