நல்லா இருக்கேன் என்று சொல்லக் கூடாது

என் தங்கை வக்கீலானது என்னால்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தகடு வெட்டும் மெஷின் என் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது, அதனால்.

நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். கம்பெனி தரப்பு வக்கீலுக்குப் பேச்சு அவ்வளவு இனிப்பு. நாங்கள் வீட்டில் அவருக்கு வைத்த பெயர் சர்க்கரை. நான் கூண்டில் ஏறியதும், "எப்படிப்பா இருக்கே?" என்று சொந்த மாமா மாதிரி கேட்டார். பெரியவர் கேட்கிறாரே என்று, "நல்லா இருக்கேங்க" என்றேன். அவர் நீதிபதி பக்கம் திரும்பி, "நல்லா இருக்காராம்" என்றார். அதன்பிறகு நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. கிடைத்த தொகை யானைப் பசிக்குச் சோளப்பொரி.

பள்ளிச் சீருடையில் கோர்ட்டின் பின்பெஞ்சில் உட்கார்ந்து தங்கை எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "இந்த ஆள நான் விடமாட்டேண்ணா."

சொன்னபடி படித்தாள். முதுகெலும்பு முறிந்தவர், தலையில் அடிபட்டவர், கை கால் போனவர், இவர்கள் வழக்குதான் அவளுக்கு. கம்பெனிக்காரன் காசைக் கொட்டினாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். மனு எழுதுமுன் அடிபட்டவர் வீட்டுக்குப் போய், அவர் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை கூடவே இருப்பாள். யார் பல் தேய்த்துவிடுகிறார்கள், யார் பொத்தான் போடுகிறார்கள், புரட்டிப் படுக்கவைக்க எத்தனை பேர் வேண்டும் என்று பார்ப்பாள். "வலிக்குதுன்னு சொன்னா கோர்ட்டுக்குப் புரியாதுண்ணா. பொத்தான் போட முடியலன்னா புரியும்" என்பாள்.

ஆபீசில் என் வேலை, வருகிறவர்களிடம் என் கதையைச் சொல்லிவிட்டு, எதிர்பாராத நேரத்தில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பது. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத மனிதர்கூட "நல்லா இருக்கேன்" என்பார். வளர்ப்பு அப்படி. தங்கையிடம் திட்டு வாங்கிய பிறகுதான் வாய் திருந்தும்.

பல வருடம் கழித்து, சாரம் சரிந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சியிழந்த ஒரு பெயிண்டர் வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் யாரென்று பார்த்தால், சர்க்கரை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சாரத்தின் கயிற்றை அவிழ்க்கச் சொன்ன மேற்பார்வையாளனைக் கூண்டில் ஏற்றி, சர்க்கரையின் கண்ணெதிரே உரித்துத் தொங்கவிடுவது என்று திட்டம். எனக்கு இல்லாத விரல்கள் அரித்தன.

விசாரணையன்று காலை, கோர்ட் வராந்தாவில் சர்க்கரையே வந்தார். தாராளமான தொகை ஒன்றைச் சொல்லி, "முடிச்சுக்கலாமாம்மா?" என்றார்.

"உள்ள பாத்துக்கலாம் சார்" என்றாள் தங்கை, யாரையும் கேட்காமல். நானும் தலையாட்டினேன்.

சக்கர நாற்காலியைப் பிடித்திருந்த பெயிண்டரின் மனைவி, "உள்ள போனா கண்டிப்பா கெடைக்குமாங்க?" என்று கேட்டாள்.

"இதைவிடக் கூடவே கெடைக்கலாம்."

"கெடைக்காமலும் போகலாமா?"

பெயிண்டர் நிமிர்ந்து பார்த்தார். "மேடம், உங்க அண்ணன் கைக்காக என் கால வெச்சு சூதாடாதீங்க."

தங்கையின் முகம் செத்துப்போனது. சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். எனக்குப் பெயிண்டர் மேல் கோபம் வந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

வெளியே போகும்போது சர்க்கரை என்னைப் பார்த்து நின்றார். முழுக்கைச் சட்டையின் நுனியைப் பார்த்தார். "அடடா, கைக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார், அதே இனிப்போடு.

அவருக்கு ஞாபகமே இல்லை. இத்தனை வருடம் நாங்கள் இரண்டு பேரும் தின்ற சோற்றிலெல்லாம் அவர் இருந்தார். நாங்கள் அவருக்கு ஒரு மதியவேளைகூட இல்லை. தங்கை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை. யார் காலையும் பணயம் வைக்காமல் அவரை எப்படிச் சாய்ப்பது என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.